பல்கலைக்கழகங்கள் சிலம்பை உடைத்துக் காட்டட்டும்!

முறையிட வந்தவரை வாயிலில் நிறுத்திவைக்கும் அரசு, எத்துணைப் பெரும்படை உடையதாயினும், அரசென்னும் பெயர்க்குத் தகுதியுடையதன்று என்பது தமிழரின் பழங்கொள்கை. பாண்டியன் அரண்மனைக்குத் தலைவிரி கோலமாய் வந்த வணிகக்குடிப் பெண்ணொருத்தியை வாயிற்காவலன் விரட்டியடிக்கவில்லை, அரசனுக்கு அறிவித்தான், அரசன் உள்ளே விடுமாறு பணித்தான். அவளும் அருளை இரந்து நிற்கவில்லை; தன் கணவன்மேற் சார்த்தப்பெற்ற குற்றம் பொய்யென்பதற்குச் சான்று காட்ட நின்றாள். அரசன்தானே சிலம்பை வருவித்து அவள்முன் வைத்தான். சிலம்பு உடைந்தது, உள்ளிருந்த பரல் முத்தன்று, மாணிக்கமே என்பதை அவை முழுவதும் கண்டது. பிழை தன்னுடையது எனத் தெளிந்த அரசன் அரியணையிலேயே உயிர் நீத்தான். சிலப்பதிகாரத்தின் இந்நிகழ்ச்சியைத் தமிழர் ஏறத்தாழ ஈராயிரமாண்டுகளாகச் சொல்லி வருவது, அரசன் பிழை செய்தான் என்பதற்காக அன்று. பிழையைத் திறந்து பார்க்க அஞ்சவில்லை என்பதற்காகவே.

இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரின் முறையீட்டை எவ்வாறு நடத்துகின்றன என்பதை இந்நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மதிப்பெண் தவறு என்று கூறிவரும் மாணவனை அவை முதலிற் பணங்கட்டச் சொல்கின்றன. கட்டிய பின்னும் சிலம்பை அவன்முன் உடைப்பதில்லை. திரைக்குப் பின்னே எடுத்துச் சென்று, அரண்மனைப் பொற்கொல்லனிடமே கொடுத்து, "மீண்டும் ஒருமுறை பார்த்துச் சொல்" என்கின்றன. அவன் சொன்னதை ஒற்றைச் சொல்லில் அறிவித்துக் கதவைச் சாத்துகின்றன. குற்றஞ் சாட்டப்பெற்றவரே உசாவுநராகவும், அவரே தீர்ப்பாளராகவும், அவரே கட்டணம் வாங்குபவராகவும் இருக்கும் இவ்வேற்பாட்டிற்கு 'மறுமதிப்பீடு' என்று பெயர்.

மூன்று வாயில்கள்

பட்டத்தேர்வின் முடிவு வெளிவருகின்றது. ஆறு தாள்களில் 70க்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்ற மாணவனொருவன், ஏழாவது தாளில் 18 மதிப்பெண்ணோடு வீழ்ந்து கிடக்கின்றான் என்று கொள்க. அவன்முன் பொதுவாக மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது மறுகூட்டல். விடைத்தாளில் முன்னரே இடப்பட்டுள்ள எண்களை மீண்டும் கூட்டிப் பார்ப்பதே அது. இடப்பட்ட எண் முறையானதா என்று எவரும் பார்ப்பதில்லை. இரண்டாவது, விடைத்தாளின் படியைப் பெறுதல். மூன்றாவது, மறுமதிப்பீடு. ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கட்டணம். ஒவ்வொன்றிற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க நாள்களே கெடு. சிற்றூரிலிருந்து வந்து விடுதியிற் படித்து, தேர்வு முடிந்ததும் ஊர் திரும்பிவிட்ட கூலித்தொழிலாளியின் மகன், முடிவையறிந்து, பணந்திரட்டி, படியைப் பெற்று, அதனைத் தன் ஆசிரியரிடம் காட்டிக் கருத்தறிந்து, மீண்டும் பணந்திரட்டி மறுமதிப்பீட்டிற்கு வேண்டுகை விடுப்பதற்குள் கெடு முடிந்துபோகின்றது. கெடுவை வகுத்தவர் அவன் இல்லத்தை அறியாதவர், அல்லது நன்கறிந்தவர்.

மறுமதிப்பீட்டின் விடை வருவதற்குள் அடுத்த பருவத்தேர்வு வந்துவிடுவதும் உண்டு. முன்னைய தாளிலே தான் வென்றவனா தோற்றவனா என்பதை அறியாமலேயே, அத்தாளை மீண்டும் எழுதுவதற்கும் மாணவன் கட்டணங் கட்டுகின்றான். ஒரே தாளுக்கு நான்கு முறை பணம்: தேர்வெழுத ஒன்று, படிக்கு ஒன்று, மறுமதிப்பீட்டிற்கு ஒன்று, மறுதேர்வுக்கு ஒன்று. இறுதியில் வரும் விடையோ பெரும்பாலும் "மாற்றமில்லை" என்னும் ஒரு சொல்லே. எவ்விடை எதனாற் குறைப்பட்டது, எதிர்பார்க்கப்பட்ட விடை யாது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. மதிப்பெண் உயர்ந்துவிடினும், அவ்வுயர்வுக்குக் கரணியமும் கூறப்படுவதில்லை. தோற்றவனும் ஏனென்றறியான், வென்றவனும் ஏனென்றறியான்.

இதனால் நேரும் கேடு மதிப்பெண் பட்டியலோடு நின்றுவிடுவதில்லை. மேற்படிப்பிற்கான இடம் நாள் கடந்து போகின்றது. கிடைத்த வேலை கைநழுவுகின்றது. கல்விக்கடன் வட்டியோடு வளர்கின்றது. உயிரும் போகின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் தெலுங்கானா மாநில இடைநிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தபோது, அவை பிழை மலிந்தவை என்னும் கூக்குரல் எழுந்தது. அந்நாள்களில் இருபதின்மருக்கு மேற்பட்ட மாணவர் உயிர்மாய்த்துக்கொண்டனர். தெலுங்குத் தாளில் 0 என்று அறிவிக்கப்பட்ட மாணவியொருத்தியின் விடைத்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, அவள் பெற்றிருந்தது 99. மதிப்பிட்டவர்க்கு 5,000 உருபா தண்டம் விதிக்கப்பட்டது. அது பட்டத்தேர்வன்று, அதற்கு முற்படி என்பது மெய்யே. ஆயினும் 99ஐ 0 ஆக்கிய கை, இருட்டறைக்குள் இயங்கும் எத்தேர்வு அமைப்பிலும் இருக்கக்கூடிய கையே. அம்மாணவியின் தாள் திறக்கப்பட்டதனால் மெய் வெளிவந்தது. திறக்கப்படாத தாள்களுக்குள் உறங்கும் பொய்களுக்குக் கணக்குச் சொல்வார் யார்?

தேர்வுப் பொறியாகப் பிறந்தவை

இந்நோய் நேற்றுத் தோன்றியதன்று. 1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகர்களிலும் ஆங்கிலேயர் பல்கலைக்கழகங்களை நிறுவியபோது, இலண்டன் பல்கலைக்கழகத்தையே அச்சாகக் கொண்டனர். அக்காலத்து இலண்டன் பல்கலைக்கழகம் கற்பிக்கும் இடமன்று; பல கல்லூரிகளிற் படித்து வருவோரைத் தேர்வுசெய்து பட்டம் வழங்கும் இடம். அவ்வச்சிலே வார்க்கப்பட்டமையால், இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அறிவு வளர்க்கும் கழகங்களாக அன்றித் தேர்வு நடத்தும் பொறிகளாகவே பிறந்தன. கற்பித்தவர் வேறு, வினாத்தொடுத்தவர் வேறு, மதிப்பிட்டவர் வேறு. மாணவன் இவர்களுள் எவர்க்கும் பெயருடைய மாந்தனல்லன், ஒரு பதிவெண்.

திண்ணைப்பள்ளி ஆசிரியன், மாணவன் மணலில் எழுதிய எழுத்தைப் பார்த்து, பிழையை அம்மணலிலேயே சுட்டிக்காட்டி, அவன் கையைப் பிடித்துத் திருத்தினான். அப்பள்ளியில் வேறு குறைகள் ஆயிரம் இருந்திருக்கலாம். எல்லாக் குடிப்பிள்ளைகளுக்கும் அது திறந்திருந்ததுமில்லை. ஆயினும் பிழை இன்னதென்று மாணவனுக்குக் காட்டாமல் அவனைப் பிழையுடையவன் என்று முத்திரை குத்தும் வழக்கம் அங்கில்லை. தேர்வு என்பது கல்வியின் ஓர் உறுப்பாயின், திருத்தப்பட்ட விடைத்தாளை மாணவனிடம் காட்டுதல் அவ்வுறுப்பின் உயிர். அதனை மறைப்பவர் கல்வியைச் செய்யவில்லை, வடிகட்டலைச் செய்கின்றனர்.

முறைமன்றங்கள் சொன்னவை

மாணவர் முறைமன்றங்களின் கதவையும் தட்டிப் பார்த்தனர். 1983ஆம் ஆண்டு உச்சமுறைமன்றத்திற்கு வந்த வழக்கொன்றில், கான்பூர்ப் பல்கலைக்கழகம் நடத்திய மருத்துவ நுழைவுத்தேர்வின் விடைக்குறிப்பே தவறென்று மாணவர் வழக்காடினர். பாடநூல்களை எடுத்துக்காட்டி மெய்ப்பித்தனர். விடைக்குறிப்புப் பிழையென ஐயமற மெய்ப்பிக்கப்படுமாயின், பிழையற்ற விடை எழுதிய மாணவனைத் தோற்றவனாக்குதல் முறையன்று என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் பிழை செய்யாதது என்னும் பொய்ம்மை அன்றே உடைந்தது.

ஆனால் அடுத்த ஆண்டே மற்றொரு தீர்ப்பு வந்தது. மராட்டிய மாநிலக் கல்வி வாரியம், விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு வேண்டவோ எம்மாணவனுக்கும் உரிமையில்லை என்று நெறிமுறை வகுத்திருந்தது. பம்பாய் உயர்முறைமன்றம் அதனைச் செல்லாதென்றது. 1984ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உச்சமுறைமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, வாரியத்தின் நெறிமுறை செல்லுமென்றது. தேர்வு முடிவுகள் ஒருநிலையில் முற்றுப்பெறல் வேண்டும். பெருந்தொகையான தாள்களை அனைவர்க்கும் திறந்துகாட்டுதல் இயலாது. கல்வியாளர் வகுத்த நெறியில் மன்றங்கள் எளிதில் தலையிடலாகாது என்பன அதன் கரணியங்கள். அத்தீர்ப்பு பல்லாண்டுக்காலம் தேர்வு நடத்தும் அமைப்புகளுக்குக் கேடயமாயிற்று. கேட்ட மாணவரிடமெல்லாம் அக்கேடயத்தை நீட்டிக் காட்டினர்.

கேடயத்தைத் துளைத்தது 2005ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம். கல்கத்தாப் பல்கலைக்கழக மாணவரொருவர் அச்சட்டத்தின்படித் தம் விடைத்தாளைக் காட்டுமாறு கேட்டார்; பல்கலைக்கழகம் மறுத்தது. அவர் உயர்முறைமன்றஞ் சென்றார். 2008இல் தனி நடுவரும், 2009இல் ஆயமும் அவர் பக்கமே நின்றனர். இறுதியில் 2011ஆம் ஆண்டு ஆகத்து 9ஆம் நாள், நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழக்கோடு சேர்த்து உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது: மதிப்பிடப்பட்ட விடைத்தாள் சட்டம் குறிக்கும் தகவலே, அதனைப் பார்க்கவும் படியெடுக்கவும் எழுதியவர்க்கு உரிமையுண்டு, மதிப்பிட்டவரின் பெயரும் கையொப்பமும் மட்டும் மறைக்கப்படல் வேண்டும். தேர்வாளர் நம்பி ஒப்படைத்த பொருளாதலின் காட்டவியலாது என்னும் எதிர்வழக்கை மன்றம் ஏற்கவில்லை. எழுதியவனுக்கே அவன் எழுத்தை மறைப்பதில் என்ன நம்பகம்?

ஆயினும் இவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. விடைத்தாளை வைத்திருக்க வேண்டிய காலத்தை அந்தந்த அமைப்பே வகுத்துக்கொள்ளும். அக்காலங் கடந்தபின் தாள் அழிக்கப்படும். அழிந்ததைக் கேட்க முடியாது. தாளைப் பார்க்கும் உரிமை வேறு, மறுமதிப்பீட்டு உரிமை வேறு என்றும் அத்தீர்ப்பு பிரித்துரைத்தது. பார்க்கலாம், பிழை கண்ணுக்கு நேரே கிடக்கலாம், திருத்துக என்று கேட்க நெறிமுறையில் இடமில்லையெனின் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். கட்டணத்திலும் இதே நிலை. நடுவணரசின் தகவலுரிமை நெறிமுறைப்படி வேண்டுகைக்கு 10 உருபா. படிக்குப் பக்கத்திற்கு 2 உருபா. தொழிற்கல்வி நிறுவனமொன்றோ தன் சொந்த நெறிமுறைப்படி ஒரு தாளின் படிக்கு 500 உருபா கேட்டது. வழக்கு 2019இல் உச்சமுறைமன்றம் வரை சென்றது. இருவழியும் திறந்தனவே, எவ்வழியிற் கேட்கின்றாரோ அவ்வழிக்குரிய கட்டணம் என்று தீர்ப்பாயிற்று. 10 உருபாவில் முடியக்கூடியதை எந்தப் பல்கலைக்கழகம் தன் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கின்றது? உரிமையை மறைத்து வைத்து, அதற்கு ஒப்பான ஒன்றைப் பன்மடங்கு விலைக்கு விற்பது கல்விக்கழகத்தின் செயலா, கடைத்தெருவின் செயலா?

இருட்டு ஈன்ற வாணிகம்

மூடிய அறை ஏழையைத்தான் வருத்தும் என்று எண்ணுவோர், அவ்வறைக்குள் வேறென்ன முளைக்கும் என்பதையும் பார்த்தல் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஏப்பிரல்-மே பருவத்தேர்வின் மறுமதிப்பீட்டில் கையூட்டு வாங்கி மதிப்பெண் உயர்த்தினர் என்று, தமிழ்நாட்டுக் கையூட்டு ஒழிப்புத்துறை 2018ஆம் ஆண்டு வழக்குப் பதிவு செய்தது. தேர்வுத்துறையின் உயர்பொறுப்பில் இருந்தவர் உட்பட ஆசிரியர் பலர் அதிற் குற்றஞ் சாட்டப்பெற்றனர். அப்போது வெளிவந்த கணக்கின்படி, அப்பருவத்தில் மறுமதிப்பீடு வேண்டியோர் 3,02,380 பேர். அதனால் தேர்ச்சியாக மாறியோர் 73,733 பேர். மதிப்பெண் உயர்வு பெற்றோர் 16,636 பேர்.

குற்றம் மெய்ப்பிக்கப்படுமா இல்லையா என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். அம்முடிவு எதுவாயினும் இக்கணக்கு ஒன்றே போதும். முறையிட்ட பதின்மரில் ஏறத்தாழ மூவர்க்கு முடிவு மாறியிருக்கின்றது. இதற்கு இரண்டே பொருள்கள் இருத்தல் கூடும். மறுமதிப்பீடு நேர்மையாக நடந்ததெனின், முதல் மதிப்பீட்டிலே பல்லாயிரம் மாணவர் பிழையாகத் தோற்கடிக்கப்பட்டனர் என்பது பொருள். பணமின்றி முறையிடாது போன மாணவர் எத்துணைப் பேர் அவ்வாறே வீழ்ந்து கிடக்கின்றனரோ! மறுமதிப்பீடு நேர்மையாக நடக்கவில்லையெனின், தோல்வி விற்கப்பட்டு வெற்றியாயிற்று என்பது பொருள். முதலது உண்மையாயின் முன்னறை கெட்டது. இரண்டாவது உண்மையாயின் பின்னறை கெட்டது. இரண்டு அறைகளும் பூட்டப்பட்டிருந்தமையாலேயே எது கெட்டதென்று எவர்க்கும் தெரியவில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நேர்மையாக எழுதி, பிழையாக மதிப்பிடப்பட்டு, மறுமதிப்பீட்டால் முறையாக வென்ற மாணவனும் அன்று முதல் ஐயத்திற்கு ஆளானான். "நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்னும் கேள்வியை அவன் வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டும். ஒவ்வொரு மதிப்பெண் மாற்றத்திற்கும் எழுத்தில் கரணியம் கூறி, தாளோடு சேர்த்து மாணவனிடமே கொடுத்திருந்தால், அவன் அத்தாளை நீட்டித் தன் தூய்மையைக் காட்டியிருப்பான். இருட்டறை குற்றவாளியைக் காப்பதோடு நில்லாது, குற்றமற்றவனின் சான்றையும் பறித்துவிடுகின்றது.

குறைகேள் நடுவர் என்னும் பூச்சு

குறைகளைக் கேட்கத்தான் தனி ஏற்பாடு உள்ளதே என்பர். பல்கலைக்கழக நல்கைக்குழு 2012, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் மாணவர் குறைதீர்ப்பு நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது. 2023ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் குறைதீர் குழு இருத்தல் வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் ஒரு குறைகேள் நடுவர் இருத்தல் வேண்டும். குழு 15 வேலைநாள்களிலும், நடுவர் 30 நாள்களிலும் முடிவுகூறல் வேண்டும். கேட்பதற்கு இனிதே.

ஆனால் அந்நடுவரை அமர்த்துவது எது? எப்பல்கலைக்கழகத்தின்மேல் முறையீடு வருகின்றதோ அப்பல்கலைக்கழகமே. அமர்த்தப்படுவோர் யாவர்? ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர், அல்லது முன்னாள் மாவட்ட நடுவர். மாணவர் மிகுதியாக முறையிடும் பொருளாகிய மறுமதிப்பீட்டையும் மறுகூட்டலையும் அந்நடுவர் பொதுவாகக் கேட்கலாகாது என்று அந்நெறிமுறையே தடுத்து வைத்திருக்கின்றது. முடிவைப் பாதிக்கும் குறிப்பிட்ட முறைகேட்டையோ, வேற்றுமை காட்டப்பட்ட குறிப்பிட்ட நிகழ்வையோ மாணவன் சுட்டிக்காட்டினால் மட்டுமே கேட்கலாமாம். பூட்டிய அறைக்குள் நடந்த முறைகேட்டை, அறைக்கு வெளியே நிற்பவன் குறிப்பிட்டுச் சுட்டவேண்டும்! கண்ணைக் கட்டிவிட்டு, கள்வன் இன்னானென்று அடையாளங் காட்டு என்பதினும் இது எவ்வகையில் வேறு?

இவ்வமைப்பை இந்நாட்டிற்கு ஏற்றிவிட்ட ஆங்கிலேயர் நாட்டிலேயே நிலை மாறிவிட்டது. அங்கும் பழைய பல்கலைக்கழகங்களில் மாணவர் குறையைக் கேட்பதற்கு அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மேற்பார்வையர் ஒருவரே இருந்துவந்தார். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பல்கலைக்கழகங்களைச் சாராத தனிநடுவர் அலுவலகம் ஏற்பட்டது. பல்கலைக்கழகம் தன் உசாவலை முடித்ததும், முடிந்ததென்று எழுத்தில் மாணவனுக்கு மடல் கொடுத்தாக வேண்டும், அம்மடலோடு அவன் தனிநடுவரிடம் செல்லலாம், அதற்குக் கட்டணமில்லை. புலமை சார்ந்த மதிப்பீட்டில் அவ்வலுவலகமும் தலையிடுவதில்லை என்பது உண்மையே. அஃதொன்றும் குறையற்ற அமைப்பன்று. ஆயினும் பல்கலைக்கழகம் தன் நெறிமுறையைத் தானே மீறியதா, மாணவனை நடுநிலையோடு நடத்தியதா என்பதை வெளியார் ஒருவர் பார்க்கின்றார். அயலான் பூட்டைக் கொண்டுவந்து தந்தான். பின்னர்த் தன் வீட்டுக் கதவிற்குத் திறவுகோலும் செய்துகொண்டான். இங்குள்ளோர் அவன் தந்த பூட்டையே இன்றும் துடைத்து மெருகிட்டு வைத்திருக்கின்றனர்.

தமிழில் எழுதியவனுக்கு இரட்டைப் பூட்டு

தமிழில் எழுதும் மாணவனுக்கு இப்பூட்டு இரட்டிப்பாகின்றது. 2018ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத்தேர்வாகிய 'நீட்' தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழையுடையது என்று வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தையைச் 'சீத்தா' என்றெழுதிய மொழிபெயர்ப்பு அது. தமிழில் அத்தேர்வை எழுதியோர் 24,720 பேர். மதுரையிலுள்ள உயர்முறைமன்றக் கிளை, வினாவிற்கு 4 வீதம் 196 மதிப்பெண் அவர்களுக்கு வழங்குமாறு சூலை 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. பத்தே நாள்களில் உச்சமுறைமன்றம் அதனை நிறுத்திவைத்தது. நவம்பரில் முற்றும் தள்ளியது. எல்லார்க்கும் 196 வழங்குதல் மிகையென்று கூறியவர் இருந்தனர். அதனை ஆராய இடமுண்டு. ஆனால் பிழையான வினாவைப் படித்து மயங்கியவனுக்கு வழங்கப்பட்ட ஈடு யாது? ஏதுமில்லை. தமிழ் வடிவிற்கும் ஆங்கில வடிவிற்கும் வேறுபாடு நேரின் ஆங்கில வடிவே முடிவானது என்னும் நெறியே அவன் வாயை அடைத்தது.

இந்நெறி அவ்வொரு தேர்வோடு நிற்பதன்று. தமிழ்நாட்டு அரசுப் பணித்தேர்வு வினாத்தாள்களிலும் அச்சிடப்பட்டு வந்ததே. இதன் பொருளைத் தமிழர் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். தமிழில் எழுதலாம் என்று இசைவு தருவது ஒரு கை. தமிழில் உள்ளது செல்லாது என்று பறிப்பது மறுகை. பல்கலைக்கழகத் தேர்விலும், தமிழில் எழுதிய விடையைத் தமிழ்க் கலைச்சொல் அறியாத ஒருவர் மதிப்பிடுவாராயின், மாணவன் எழுதிய தூய சொல் அவர்க்கு விளங்காது போகும், விளங்காதது தவறாகும், தவறு 0 ஆகும். அவன் முறையிடச் சென்றால், படிவம் ஆங்கிலத்தில், நெறிமுறை ஆங்கிலத்தில், "மாற்றமில்லை" என்பதும் ஆங்கிலத்தில். தன் மண்ணில், தன் வரிப்பணத்தால் நடக்கும் கழகத்தில், தன் குறையைத் தன் மொழியிற் கூறமுடியாதவனுக்கு உரிமை என்பது வெற்றுச்சொல்.

மறுப்புகளும் விடைகளும்

தாள்கள் பல்லாயிரம், ஒவ்வொன்றையும் திறந்து காட்டுதல் இயலாது என்பர். கட்டணத்தைப் பல்லாயிரம் பேரிடம் தண்டும்போது தோன்றாத இயலாமை, கடமையைச் செய்யும்போது மட்டும் எங்கிருந்து வருகின்றது? 2017ஆம் ஆண்டு மும்பைப் பல்கலைக்கழகம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் மதிப்பிடும் முறையைப் போதிய ஏற்பாடின்றிப் புகுத்தி, முடிவுகளைப் பல திங்கள் தாழ்த்தி, மாணவரை அலைக்கழித்தது. அவ்வாண்டு அக்தோபரில் அதன் துணைவேந்தர் பொறுப்பினின்று நீக்கப்பட்டார். பொறியை வாங்க மனமும் பொருளும் உள்ள இடத்தில், அப்பொறியால் தாளின் படியை மாணவனுக்கு விடுக்க மட்டும் மனமில்லை என்பதே உண்மை.

மதிப்பீடு என்பது ஆசிரியரின் புலமைசார்ந்த முடிவு; அதனை எவரும் கேள்வி கேட்கலாகாது என்பர். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஒரு கட்டுரை விடைக்கு ஒருவர் 12 இடலாம். மற்றொருவர் 14 இடலாம். அது பிழையன்று, கருத்து வேறுபாடு. அவ்வேறுபாட்டையெல்லாம் வழக்காக்கினால் ஆசிரியர் நடுநிலையோடு இயங்க முடியாது. ஆனால் மதிப்பிடாமல் விடப்பட்ட பக்கம் கருத்து வேறுபாடா? கூட்டற்பிழை புலமையா? தவறான விடைக்குறிப்பு அறிவுநுட்பமா? தன் முடிவிற்கு இரண்டு வரியில் கரணியம் எழுத இயலாத புலமை, புலமைதானா? வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். துலாக்கோல் எல்லார் கண்முன்னும் தூக்கப்படுவது. திரைக்குப் பின்னே நிறுத்தப்பட்ட எடையை ஊர்ச்சந்தையில்கூட எவரும் ஏற்பதில்லை.

காட்டத் தொடங்கினால் தோற்றவரெல்லாம் முறையிடுவர் என்பர். மாறாக, தன் தாளைக் கண்ணாற் கண்டு, தன் பிழையைத் தானே உணர்ந்தவன் முறையிடான். மறைப்பதனால் எழும் ஐயமே முறையீட்டைப் பெருக்குகின்றது.

செய்யவேண்டுவன

உத்தரமேரூர்க் கல்வெட்டில், 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், ஊர்வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறை பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வவை எல்லாக் குடிகளுக்கும் உரியதாக இருந்ததன்று, அக்குறை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அதன் நடைமுறை நோக்கத்தக்கது. ஓலையிட்ட குடம் அவையோர் அனைவரும் காண எடுத்து நிறுத்தப்பட்டது. ஓலையின் உள்ளடக்கம் அறியாத சிறுவனே அதனை எடுத்தான். அவன் கொடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய அகங்கையில் வாங்கவேண்டும். படித்தவுடன் அங்கிருந்தோரும் படிக்கவேண்டும். கணக்குக் காட்டாதவர் அவ்வாரியங்களுக்கு வரவே இயலாது. கையை மூடினால் ஐயம் பிறக்கும் என்பதை ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்னரே ஓர் ஊரவை அறிந்திருந்தது; ஆய்வுப்பட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் ஆட்சிக்குழுக்கள் இன்றும் அறியவில்லை.

விரிந்த கையாற் செய்யவேண்டுவன ஆறு. முதலாவது, மதிப்பிடப்பட்ட விடைத்தாளின் படியும் விடைக்குறிப்பும் முடிவோடு சேர்த்தே ஒவ்வொரு மாணவனுக்கும் கட்டணமின்றி வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, மறுமதிப்பீட்டை முதலில் மதிப்பிட்டவரோடு தொடர்பற்ற பிற கழக ஆசிரியர், முதல் மதிப்பெண்ணை அறியாது செய்தல் வேண்டும். உயர்வாயினும் தாழ்வாயினும் மாற்றமின்மையாயினும் கரணியம் எழுதப்படல் வேண்டும். மூன்றாவது, பிழை கழகத்தினுடையதாயின் கட்டணம் திருப்பித் தரப்படல் வேண்டும். நான்காவது, மறுதேர்வுக்கு முன்னர் முறையீடு முடிக்கப்படல் வேண்டும். முடியாவிடின் மறுதேர்வுக் கட்டணம் கேட்கலாகாது. ஐந்தாவது, குறைகேள் நடுவரைப் பல்கலைக்கழகம் அமர்த்தாது, அதனைச் சாராத அமைப்பு அமர்த்தல் வேண்டும். அவர் ஆண்டுதோறும் முறையீடுகளின் தொகையையும் முடிவுகளையும் வெளியிடல் வேண்டும். ஆறாவது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முறையீட்டின் நெறிமுறையும் படிவமும் தீர்ப்பும் தமிழில் இருத்தல் வேண்டும். தமிழ் விடைத்தாளைத் தமிழறிந்தாரே மதிப்பிடல் வேண்டும். வினாவின் தமிழ் வடிவிற் பிழை நேரின் அதன் பயன் மாணவனுக்கே சேர்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் செய்தற்கரியதன்று. பொருள் இல்லாமையாற் செய்யப்படாததும் அன்று. செய்தால் பிழைகள் வெளிப்படும் என்னும் அச்சமே தடை. பிழை வெளிப்பட்டதனால் பாண்டியன் பெயர் அழியவில்லை. வெளிப்படுத்த இசைந்தமையால் அது நிலைத்தது. மறைத்திருந்தால் அவனும் பெயரற்ற கொடுங்கோலருள் ஒருவனாக மண்ணில் மறைந்திருப்பான்.

வாயிலில் மாணவன் நிற்கின்றான். அவன் கையில் இரப்போடு இல்லை, சான்று இருக்கின்றது. பல்கலைக்கழகங்கள் சிலம்பைக் கொண்டுவந்து அவன்முன் வைக்கட்டும். பரல் முத்தாயின் அவன் தலைகுனிந்து செல்வான். மாணிக்கமாயின், தலைகுனிய வேண்டியவர் அரியணையில் இருப்பவரே.